தப்பாப் படிச்ச பொஸ்தகம்

வேண்டாமுங்க போதகரய்யா, அந்தப் பொஸ்தகத்த மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிராதீங்க. கிழிஞ்சுதான் இருக்குது. நீங்க பட்டணத்துல இருந்து கொண்டாந்த புதுசு பளபளன்னு நல்லாத்தான் இருக்குது, அதையும் வெச்சுட்டுப் போங்க. ஆனா இந்தக் கெழவனை எங்களுக்கு உட்டுருங்க. ஆமாங்க, எழுதுனவரைத்தான் கெழவன்னு சொல்றேன். செத்து முந்நூறு வருசம் ஆச்சாமா. சீமையில ஏதோ மடத்துச் சந்நியாசி.

நானா? எனக்கென்னங்க படிப்பு! மிசன் வகுப்புல எழுத்துக்கூட்டக் கத்துக்கிட்டவ. வாத்தியாருக்கு வாக்கப்பட்டுப் போட்டுக் கைநாட்டு வெச்சா ஆட்டையாம்பட்டியே சிரிக்குமேன்னு போனது. பக்தியில போனேன்னு நெனச்சுக்காதீங்க. இந்தக் கெழவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. பள்ளிக்கூடம் உட்டு வந்தா அவரு என்ற மொகத்தைப் பாக்க மாட்டாரு, இதைத்தான் பாப்பாரு. அந்தக் கடுப்புல ஒருக்கா இதை எடுத்து மோர்ப்பானைய மூடி வெச்சேன். அட்டையில வட்டமாக் கறை தெரியுது பாருங்க, அது நம்ம கைங்கரியந்தான்.

ம்? உள்ளதான் உக்காந்திருக்கறாரு. காது நல்லாக் கேக்கும். பேச்சுத்தான் ரொம்ப நாளா நின்னு கெடந்துச்சு. நீங்க ஊருக்குப் புதுசு, யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. பையன் பட்டாளத்துக்குப் போனவன் பர்மாவுல தவறிட்டான்னு தை மாசம் தந்தி வந்துச்சுங்க. ஒரே பையன். தந்தியப் படிச்சு எனக்குச் சொன்னாரு. அதோட வாயை மூடுனவருதான்.

ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்தாங்க. கர்த்தர் சித்தம்னாங்க, நல்ல எடத்துலதான் இருக்கறான், திடமா இருங்கன்னாங்க. சொல்லிப்போட்டுக் காப்பி வருதான்னு சமையக்கட்டைப் பாப்பாங்க. நானும் ஓடியோடிக் காப்பி வெச்சேன். அந்தம்மாளுக்கு எம்புட்டுத் தைரியம் பாருன்னு பேசிக்கிட்டாங்க. எனக்கு அதுல கொஞ்சம் பெருமை வேற, கேளுங்க கூத்தை!

எல்லாரும் போன பொறகு ஊடு பாழுங்கெணறு மாதிரி ஆயிப்போச்சுங்க. எனக்கோ வாய் சும்மா இருக்காது. என்ன பேசுனாலும் பதில் இல்ல. சரி, உங்க கெழவனாவது பேசட்டும்னு ஆத்தரத்துல இதை எடுத்து அவரு முன்னால உக்காந்து சத்தமாப் படிச்சேன். அதைப் படிப்புன்னு சொல்லப்படாது. அரிசியில கல்லுப் பொறுக்கற மாதிரி ஒவ்வொரு எழுத்தாப் பொறுக்குனேன்.

எங்கீங்க, பாதி புரியலை. ஆனா ஒரு எடம் வந்துச்சு. கொள்ளைநோயில கூடப்பொறந்தவனை இழந்து, தன் கையால குழி வெட்டிப் பொதைச்சுப்போட்டு அந்த மனுசன் எழுதறாரு: ஆண்டவரே, உம்மோடே பேச எனக்கு வார்த்தையில்லை; ஆகிலும் உமக்கெதிரே உட்கார்ந்திருக்கிறேன். அம்புட்டுத்தானுங்க. நான் தலை நிமுந்து இவரைப் பாத்தேன். இவரும் அப்புடித்தானே உக்காந்திருக்கறாரு! சாமிகிட்டக் கோவிச்சுக்கிட்டாருன்னு நான்பாட்டுக்கு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஏனுங்க, எந்தக் காலத்துலயோ செத்த ஆளுக்கு என்ற ஊடு எப்புடிங்க தெரிஞ்சுது? வந்தவிய எல்லாருக்கும் எங்களைத் தேத்திப்போட்டுப் பஸ்ஸப் புடிக்கோணும்னு அவசரம். இந்தக் கெழவனுக்கு ஒரு அவசரமும் இல்ல. கூடவே உக்காந்துக்கிட்டாரு.

அதுக்கு அடுத்த வரி, என் பிரலாபத்தைக் கேட்டருளும்னு இருக்குது. பொலம்பலைத்தான் அப்புடிச் சொல்லியிருக்குது. நான் என்ன படிச்சேன் தெரியுங்களா? என் பலாப்பழத்தைக் கேட்டருளும்! சிரிங்க, சிரிங்க, பரவால்ல. சந்நியாசிக்கு எதுக்குடா பலாப்பழம்னு நானே முழிச்சுக்கிட்டிருக்கறேன். பலாப்பழம் இல்ல, பிரலாபம்னு ஒரு கொரலு. ஆடி மாசம் அது. தந்திக்கு அப்புறம் அவரு வாயில இருந்து வந்த மொத வார்த்தை. எதைத் தாங்குனாலும் தப்பாப் படிக்கறதை வாத்தியாருங்க தாங்க மாட்டாங்க.

உடுவனா நானு? தெனமும் தப்பாப் படிச்சேன். பொறுமையைப் பெருமைன்னேன், சிலுவையைச் செலவுன்னேன். எழுத்து நல்லா ஓட ஆரமிச்ச பொறகும் உடலை. திருத்தறதுக்காவது ரெண்டு வார்த்தை பேசுவாருல்லீங்க.

நேத்து சாயங்காலமும் அப்புடித்தான் ஒண்ணை மாத்திப் படிச்சேன். திருத்தலை. என்னையவே பாத்தாரு. நீ வேணும்னேதான் தப்பாப் படிக்கறேன்னு எனக்குத் தெரியும், அது கெடக்கட்டும், நீ எப்ப அழுகப்போறேன்னு கேட்டாரு.

  தந்தி வந்த அன்னிக்கிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் உட்டவ இல்ல நானு. அவருக்குப் படிச்சுக் காட்டறதா நெனப்பு எனக்கு. அப்புறம் என்ன, தெருவே கேக்கற மாதிரி ஒப்பாரி வெச்சேன். நான் ஓயற வரைக்கும் பொஸ்தகத்தை வாங்கி அவரு படிச்சுக்கிட்டே இருந்தாரு.

அதானுங்க, ஒண்ணு கேக்கோணும். ஞாயித்துக்கெழமை கோயில்ல பையன் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுங்க. இதுவரைக்கும் நாங்க யாரையும் சொல்ல உட்டதில்ல. பேருங்களா? ஞானஸ்நானத்துல யோசேப்பு. நீங்க சின்னண்ணன்னே சொல்லுங்க, அவன் தாத்தன் பேரு. ஊட்டுல அப்புடித்தான் கூப்புடுவோம். யோசேப்புன்னா யாரோன்னு நெனச்சு நான்பாட்டுக்கு உக்காந்திருப்பேன்.