மாப்ளைக்கு அடிச்ச கோழி

குத்து மாப்ள, நான் இன்னா வேணாம்னா சொன்னேன். கத்தி எங்கயும் ஓடிடாது, உன் இடுப்புலதான கீது. கோழி துன்னுட்டு குத்து. தங்கச்சி புருஷன் வூட்டுக்கு வந்து வெறும் வாயோட போனான்னு தெரிஞ்சா நாளைக்கு இந்த கடப்பேரி பூரா என் மூஞ்சில காறித் துப்பும். குத்துனவனக்கூட வுட்டுருவாங்க மாப்ள, மாப்ளைக்கு கோழி அடிக்காதவன வுட மாட்டாங்க.

குந்து. இந்தா முக்காலி. ஆடும், செவுத்தோரம் சாஞ்சிக்க.

உன் பொஞ்சாதி குஜாம்பா எங்கயா? எத்தினி வாட்டி சொல்றது. கொழந்தைக்கு காது வலி. காலைலயே என் பொஞ்சாதி பேபி அவங்க ரெண்டு பேரையும் இட்டுகினு எக்மோர் ஆஸ்பத்திரிக்கு போயிருக்கா. நீ சாராயத் தூக்கம் தூங்கிகினு இருந்த, எழுப்புனா ஒதைப்பன்னு சொல்லாம வந்துட்டா. சாயங்கால வண்டில வந்துருவாங்க. எப்டி வந்தாலும் இந்த வாசலுக்குத்தான் வரணும். நீ எக்மோர் போய் தேடறதா இருந்தா தேடு. நீ போற வண்டி அப்டிக்கா போவும், அவ வர்ற வண்டி இப்டிக்கா வரும். மாம்பலத்துல ரெண்டும் எதிர எதிர போவும். கத்திய ஜன்னல் வழியா நீட்டுவியா?

அதான், குந்து. நல்ல புள்ள.

வந்தா கழுத்த அறுப்பியா. சரி. அறுக்கறவன் பசியோட அறுக்கக் கூடாது, கை நடுங்கும். இரு, இந்த கோழி கஸ்மாலம் கட்டிலுக்கு அடில பூந்துகிச்சு. பா, பா, பா. பாத்தியா எப்டி முழிக்குதுன்னு? உங்க மேஸ்திரி சம்சாரம் மாதிரியே கீது. இன்னாங்க, இன்னாங்க, எனக்கு மட்டும் ஏங்க கடலை கம்மியா போட்டீங்க. மாட்டிகிச்சு.

உன் கத்திய குடேன், ஒரே இழுப்பு. மாட்டியா? தோல் ஷாப் கத்தி, மாட்டுத் தோல்ல மயிர் வழிக்கிற கத்தி, கோழி ரத்தம் பட்டா கோச்சிக்குமா? சரி, சரி, மொறைக்காத. என் அருவாமனை போதும். கொஞ்சம் அந்தாண்ட திரும்பிக்க, தெறிக்கும். ம். உதறிகினு கீது பாரு. உயிர் போறதுக்கு இன்னா பாடு. கழுத்து தனியா கீது, காலு இன்னும் எங்கியோ ஓடப் பாக்குது.

வெந்நி ஊத்தி ரோமம் புடுங்கணும். பேசிகினே புடுங்கறேன். ரயில்ல வேர்க்கடலை விக்கிறவன் வாய மூடுனா கை ஓடாது மாப்ள. தாம்பரத்துல ஏறுனா பீச் வரைக்கும் வாய்தான் வண்டி ஓட்டுது.

இன்னா கேட்ட?

அந்தமானா? யாரு சொன்னா, டீக்கடை சாம்பசிவமா? அவனுக்கு வாய் இல்ல, ஸ்பீக்கர். ஆமா, அந்தமான் ஏஜெண்டு என்ன தேடிகினு வந்தாரு, நாந்தான் போவப் போறேன். இன்னாத்துக்கு ஒளிக்கணும். இந்தா பாரு புது கயிறு, பொட்டிக்கு கட்டத்தான் வாங்குனேன். பொட்டியா? பொட்டிக்கு கைப்புடி போட குடுத்துருக்கேன், வரும்.

தோத்தாத்ரின்னு ஒரு அய்யரு. அய்யரா அய்யங்காரா, நாமம் போட்டுருப்பாரு. தெனிக்கும் சைதாப்பேட்டைல ஏறி பீச்ல எறங்குவாரு. கான்ட்ராக்ட்காரன் ஆபீஸ்ல வேலை. அந்தமான் காட்டுல மரம் வெட்டறவங்களுக்கு சமைக்க ஆளு வேணுமாம். கடலை விக்கிறதால என்ன கல்லக்கான்னுதான் கூப்புடுவாரு. டேய் கல்லக்கா, அங்க நாலு பக்கமும் சமுத்திரம்டா, நடுவுல தென்னந்தோப்பு, எளநி குடிச்சிண்டு கெடக்கலாம்டா, நோக்கு இந்த வண்டில என்னடா வச்சிருக்கு. இப்டித்தான் மூக்கால பேசுவாரு. நான் அவரு எதிர்லயே அவர மாதிரி பேசுவேன். சிரிப்பாரு. நல்ல மனுஷன்.

சிரிச்சிட்ட பாத்தியா. நீ சிரிச்சா நல்லாதான் கீறே மாப்ள.

போறேன்னு சொன்னதும் தெருவுல இன்னா பேஜாரு தெரிமா. அந்தமானா, யார வெட்டுன? இதான் மொத கேள்வி. பால்காரன் கேக்குறான், ரேஷன் கடைல கேக்குறாங்க. அந்தக் காலத்துல வெள்ளக்காரன் கொல பண்ணவன கப்பல்ல ஏத்தி அங்க தள்ளுவானாம். அந்த நெனப்புலயே கீறானுங்க. நான் சொல்றேன், யோவ், இப்போ வெட்டாமயே போலாம்யா, வெட்டுனவனுக்கு ஓசி, எனக்கு டிக்கெட்டு. நம்ப மாட்றானுங்க. எதிர் வூட்டு ஆயா என் பொஞ்சாதிய கட்டிகினு அழுவுது, பாவி, நல்லவன்னு நெனச்சேனே, யாரடி அறுத்தான்னு.

அங்க காட்டுக்குள்ள இருக்கறவங்க அம்பு வுடுவாங்களாம். அவங்க எடத்துல காலு வச்சா கேள்வி கெடையாது, நேரா நெஞ்சுதான். எனக்கு அது நாயமாத்தான் தெரியுது. அவங்கவங்க வூட்ல கத்தியோட வந்து குந்திகினா கோழியா அடிப்பாங்க எல்லாரும்?

சும்மா சொன்னேன். குந்து, குந்து.

கப்பல் எப்போவா? வர்ற வாரம். ஆமா, ஊசி குத்திக்கணும், அம்மைக்கு, காலராவுக்கு. குத்தியாச்சு. கைய காட்டணுமா? கைல குத்தல மாப்ள, நான் பண்ண அலும்புக்கு நர்ஸம்மா பின்னால குத்திட்டாங்க. காட்டட்டுமா? வேணாமா? உன் இஷ்டம்.

இப்போ நெருப்புல வாட்டணும். இந்த பூ மயிர் இருக்கு பாரு, அது பொசுங்குனாத்தான் போவும். நாத்தமா கீதா? உனக்கு இன்னா புதுசு. சுண்ணாம்புக் குழில ஊறப் போட்டு, பலகைல போட்டு, ரெண்டு கையால கத்திய புடிச்சு சரக் சரக்குன்னு நீ வழிக்கறத நான் பாத்துருக்கேனே. கைவேலக்காரன் நீ. தோல்ல ஒரு கீறல் வுழாதுன்னு உங்க மேஸ்திரியே சொல்லுவாரு.

குஜாம்பா தலைலதான் கீறல் வுழுந்துச்சு.

இல்ல, நான் ஒண்ணியும் ஆரம்பிக்கல. நீதான் வழிச்ச, அவதான் கீழ கெடந்தா, நான் நடுவுல யாரு. டீக்கடைக்காரன்கிட்ட சிரிச்சா, பால்காரன்கிட்ட சிரிச்சான்னு நீ சொன்ன. அவ சிரிக்கற ஆளா மாப்ள? சின்னதுலருந்து நான் எத்தினியோ கொரல்ல பேசிக் காட்டுவேன், பாதிக்குத்தான் சிரிப்பா. சுண்ணாம்புத் தண்ணிய தலைல தடவி, கால்ல அவ கழுத்த மிதிச்சிகினு, அதே கத்தி. கொழந்த கதவாண்ட நின்னு பாத்துகினு இருந்துச்சு. இப்போ அது பேசுறதே கம்மி. காது வலிதான். ஆமா, காது வலி.

தெருவுல ஜனங்க கேட்டாங்க பாரு, அத சொல்லணும் உனக்கு. தலைல முண்டாச கட்டிகினு தண்ணி புடிக்க போறா. கொழாயடில ஒருத்தி, ஏ குஜாம்பா, திருப்பதியா, திருத்தணியா? இன்னொருத்தி, லட்டு எங்கடி? அவ இன்னா சொன்னா தெரிமா? திருப்பதி, லட்டு வழில கொட்டிப் போச்சு. நல்லா கீதுல்ல? என் தங்கச்சியாச்சே.

எங்க எந்திரிக்கிற? குஜாம்பா எந்த வண்டில வருவான்னு ஸ்டேஷன்ல போய் நிக்கப் போறியா. நிக்கலாம். மாப்ள பாதில எந்திரிச்சிப் போனா கறி வச்ச சட்டிய நான் என்னான்னு எறக்கறது. போன தீவாளிக்கு இப்டித்தான், கொழம்புல உப்பு கம்மின்னு எந்திரிச்ச, நான் தடுத்தேன், நீ வுட்ட ஒண்ணு, இந்த பல்லு போச்சு. அதுலருந்து நான் கடலைன்னு கூவுனா காத்து போவுது. வியாபாரம் ஜாஸ்திதான் ஆச்சு, பசங்க அத கேக்கறதுக்குன்னே வாங்குதுங்க. அடிக்கணும்னா இன்னொரு பல்லு கீது, அப்பால அடி. கறி கொதிக்குது. இன்னும் கொஞ்ச நேரம். ஈரல் உனக்கு, சதையும் உனக்கு. கழுத்து எனக்கு.

வேகலையா? கெழக் கோழி போல கீது. சந்தைல ஏமாத்திட்டான்.

இந்தா, எலை. கைய கழுவிக்க. சோறு சூடா கீது, பாத்து. கொழம்ப நல்லா பெசஞ்சிக்க, எண்ண முட்டிகினு நிக்குது பாரு. காரமா? கார்த்தால கோவத்துல அரைச்ச மசாலா. எலும்ப கடிக்காத, உறிஞ்சு.

எப்டி கீது? சோக்கா கீதா.

துன்னு. இன்னொரு கரண்டி. அந்த கத்தி வயித்துல இடிக்குது பாரு, அவுத்து கீழ வச்சிட்டு துன்னேன். வேணாமா. சரி.

இரு. அந்த செருப்புச் சத்தம் பேபியுது. ஒரு காலத் தேச்சித்தான் நடப்பா. அதோ, கிணத்தாண்ட திரும்புறா. நீ எந்திரிக்காத, கையெல்லாம் கொழம்பு. இங்கருந்தே தெரியும்.

ஒத்தையாத்தான் வரா. ஆமா மாப்ள, பின்னால யாரும் இல்ல. நல்லா பாத்துக்க.

கப்பல் போயிடுச்சு.

நான் எங்க போறது, எனக்கு கொளத்துல எறங்குனாலே வாந்தி வரும். குஜாம்பாதான் அங்க சமைக்கப் போறா. கொழந்தையும். எக்மோர்ல எறங்கல, பீச்ல எறங்குனாங்க. பொட்டி நேத்தே போயிடுச்சு. வர்ற வாரம்னு சொன்னது பொய். ஏணிய எடுத்து, கயித்த அவுத்து, கப்பல் நவுந்து கண்ணுக்கு தெரியாம போறவரைக்கும் நின்னு பாத்துட்டு வான்னு பேபிகிட்ட சொல்லியிருந்தேன். அதுவரைக்கும் உன்ன இங்க குந்த வைக்கணும். நீ கோழிய வுட்டுட்டுப் போவ மாட்டன்னு எனக்குத் தெரியும். மாப்ளன்ற மரியாத வேணும் உனக்கு. பல்லாவரம் சந்தைல வெள்ளிக்கெழம பூரா சுத்தி, இருக்கறதுலயே கெழமா பாத்துத்தான் வாங்குனேன், வேவ நேரம் ஆவணும்னு.

எந்தத் தீவா? தெரியாது. அடிச்சாலும் தெரியாது. தோத்தாத்ரி சொல்ல வந்தாரு, நாந்தான் காத பொத்திகினேன். என் வாய் எனக்குத் தெரியாதா மாப்ள. நீ ரெண்டு ஒதை வுட்டா தீவு பேரு, கரை பேரு, அங்க கட்டியிருக்கற ஆட்டுக்குட்டி பேரு மொதக்கொண்டு சொல்லிடுவேன். அதான் தெரிஞ்சிக்கல. பேபிக்கும் தெரியாது. அவள வுட்டுரு.

எடுக்கப் போறியா? எடு. கத்திதான. புடி வழுக்கும், கொழம்புக் கை. கதவு தொறந்து கீது, தெருவுல எல்லாரும் வேல முடிஞ்சி வந்துட்டாங்க. குத்துனா குத்து, நான் எந்திரிக்கல.

இன்னாது? புருஷன் இல்லாம எப்டி ஏத்துனாங்களா?

நல்ல கேள்வி. தோத்தாத்ரியும் அதத்தான் கேட்டாரு. போன மாசம் குஜாம்பாவ அந்த ஆபீஸ் வாசல்ல கொண்டு போய் நிறுத்துனேன். முண்டாசு நழுவிடுச்சு. அவரு தலைய பாத்தாரு, தாலிய பாத்தாரு. அவங்க ஆளுங்கள்ல புருஷன் செத்தாத்தான் பொம்பளைக்கு மொட்ட. என்னடா இது, தாலி இருக்கு, தலைல மயிர் இல்ல, எங்கயோ இடிக்கறதே, ஆம்படையான் உசுரோட இருந்தா நேர்ல வந்து சம்மதம் சொல்லட்டும், இல்லேன்னா ஏத்த மாட்டேன். நீ வருவியா சொல்ல? நாந்தான் சார் புருஷன், நான் பின்னால அடுத்த கப்பல்ல வரேன்னேன். அவரு கண்ணாடிய எறக்கிவிட்டு ரெண்டு பேரையும் பாக்குறாரு. போடா, ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு, நீ அண்ணங்காரன், யார ஏமாத்தற.

அவ்ளோதான், முடிஞ்சிதுன்னு நெனச்சேன். எனக்கு வேற இன்னா தெரியும் மாப்ள, கொரல் ஒண்ணுதான தெரியும். தொண்டைய செருமினேன், நீ செருமுவ பாரு, அப்டி. குஜாம்பா முந்தானைய தலைல இழுத்து மூடிகினு நின்னுகினு இருந்தா. திரும்பாமயே உன் கொரல்ல சொன்னேன், ஏய், இன்னாடி அங்க.

அவளுக்கு நாந்தான்னு தெரியும். பக்கத்துல நிக்கிறேன், என்னக் கண்ணால பாக்குறா. தெரிஞ்சும் ரெண்டு கையும் தானா தலைக்கு மேல போச்சு. அப்டியே குந்திகினா. கொழந்த போய் மேசைக்கு அடில பூந்துகிச்சு.

தோத்தாத்ரி கையெழுத்து போட பேனாவ எடுத்துட்டாரு. போறும்டா, போறும், நீ ஆம்படையான்தான்னாரு.