தானாக உடைந்த கோப்பை

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் காலை பஸ். குவார்ட்டர்ஸ் நிறுத்தத்தில் ஏறிய ரெட்டைச் சடைக்காரி கைக்குட்டை முடிச்சைத் தூக்கிக் காட்டிக் கத்தினாள்: "ஜரீனா, எங்க ஊட்ல ஒடைஞ்சிடுச்சுடி!"

இடம் பிடித்து வைத்திருந்த ஜரீனா துள்ளி எழுந்தாள். "நெஜமாவா மல்லிகா? உங்க ஊட்ல எல்லாமே எவர்சில்வராச்சே!"

"அதான்டி. டம்ளர உருட்டி வுட்டாலும் நசுங்குது, ஒடைய மாட்டேங்குது. கிளாஸ்ல நான் மட்டுந்தான் சில்லு குடுக்கல. இன்னிக்கு மயிலு முடிஞ்சிடும்னு நேத்து அழுதேன்ல?"

பள்ளிச் சுவரில் உடைந்த பீங்கான் சில்லுகளைப் பதித்துப் பிள்ளைகளே பெரிய மயில் செய்கிறார்களாம். பின் சீட்டிலிருந்து கழுத்தை நீட்டினேன்.

"எது ஒடைஞ்சுது?" என்றாள் ஜரீனா.

"அப்பாவோட டீ கப்பு. நீலப் பூ போட்டது, ஃபேக்டரி ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்சது. மயிலு கழுத்துக்கு நீலம் கொறையுதுன்னு மிஸ் சொன்னாங்கல்ல!"

ஜரீனாவின் முகம் சுருங்கியது. "வேணும்னே ஒடைச்சது செவுத்துல ஏறாதுடி. அம்மாங்கள்லாம் வந்து சண்ட போட்டதுலேர்ந்து மிஸ் ஒவ்வொருத்தரையும் கேக்கறாங்க."

"வேணும்னேலாம் இல்ல! அப்பாவுக்குக் கை தவறிடுச்சு."

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. எழுந்திருக்கவில்லை.

"நீ பாத்தியா?" ஜரீனா விடவில்லை.

"பாத்தேனே. மூணு தடவ தவறிச்சு. மொத ரெண்டு தடவ ஒடையவே இல்ல."