பழைய டப்பாவுல இருந்த பாயிண்டுங்க

அந்த ஒயர்ல ஒண்ணும் இல்ல சார், போன வாரமே பிரிச்சுப் பாத்துட்டேன். முனையில பச்சை பூத்துக் கெடந்துச்சு. உப்புக்காத்துல என்னதான் உருப்படும்? சொரண்டி, துடைச்சு, டேப் சுத்தி வெச்சேன். ரெண்டு நாள் இந்த ஜி.பி.எஸ். டப்பா சமத்தா ஓடுச்சு. மூணாவது நாள் எஞ்சின் சாவியத் திருப்பறேன், பொட்டுனு அணைஞ்சு போச்சு.

பேட்டரியும் பாத்தாச்சு சார். புதுசே போட்டுட்டேன். அணையறது நின்னுச்சு, ஆனா சாட்டிலைட் எதையும் பிடிக்க மாட்டேங்குது. சரி, தலையில இருக்கற ஆண்டெனாதான் போயிடுச்சு போலன்னு அதையும் மாத்தினேன். இப்ப பிடிக்குது, பிடிச்சு என்ன பிரயோஜனம்? படகு இந்தத் தூண்லயே கட்டிக் கெடக்கு, அது என்னடான்னா மணிக்கு அஞ்சு மைல் வேகத்துல கடைத்தெரு பக்கமா போயிட்டிருக்கேன்னு காட்டுது.

தேதியப் பாத்தீங்களா? இருபது வருஷம் பின்னாடி நிக்குது. பழைய டப்பாவுக்கெல்லாம் அப்படி ஆகும்னு நீங்க சொன்னீங்க, சரி. எனக்கு அது ஒண்ணு மட்டும் பிடிச்சிருக்கு. அந்தத் தேதியில எனக்குக் கல்யாணமே ஆகல. என் பொண்டாட்டிக்கு ஒரு தம்பி இருக்கான்னே எனக்குத் தெரியாது.

சிரிக்காதீங்க சார். நெசமாத்தான் சொல்றேன்.

மாத்துங்க, மாத்துங்க, மாத்தாம என்ன பண்றது. பழசக் கழட்டி அந்தப் பலகை மேல வைங்க, தூக்கிப் போட்டுடாதீங்க. இந்தப் புதுசு எத்தனை இஞ்சு? ஏழா. இல்ல, சும்மாதான் கேட்டேன். என் மச்சினன் படகுல நீங்க போட்டது பன்னெண்டு இல்ல? அடேங்கப்பா. பன்னெண்டு இஞ்ச வெச்சு அவன் என்னத்தப் பாக்கப் போறான், சினிமாவா?

உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, நாலு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் அவன் செல்போன் கடையில கவர் வித்துட்டிருந்தவன். கயிறு முடி போடத் தெரியாது. அலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாக்கத் தெரியாது, ஸ்கிரீனப் பாக்கத்தான் தெரியும். கடன ஒடன வாங்கி ஒரு படகப் போட்டான். போட்ட மொத வருஷமே மீன் அவன் மேல வந்து விழுது சார். நான் இருபத்தாறு வருஷமா கடல்ல கெடந்து கருகறேன், என் வலையில வந்தா குப்பை, அவன் வலையில வந்தா தங்கம். வயிறு எரியாதா? நீங்களே சொல்லுங்க.

வீட்டுல அதுக்கு மேல. காலையில கண் முழிச்சா அவ தம்பி புராணம்தான். என் தம்பி உக்காந்த எடத்துல டீ குடிச்சிட்டே மீன் பிடிக்கிறான், நீங்க ஏன் இன்னும் மேகத்தப் பாத்துட்டு நிக்கறீங்கங்கறா. போன வருஷம் ஒரு நாள், காத்து மாறுது, இன்னிக்குப் போகாதடான்னு நான் அவன்கிட்ட சொன்னேன். நல்ல மனசோடத்தான் சொன்னேன். அவன் சிரிச்சிட்டுப் போனான். காத்தும் மாறல, ஒரு மண்ணும் மாறல, படகு முட்ட முட்ட மீனோட திரும்பி வந்தான். அன்னிலேர்ந்து நான் வாயத் தொறந்தாலே, மாமாவுக்குப் பொறாமைங்கறான். அக்காவும் தம்பியும் கண்ணாலயே பேசிக்கிறாங்க. சோத்துல கைய வெச்சுட்டு நான் கேனையன் மாதிரி உக்காந்திருப்பேன்.

இருங்க, இந்த வயர்லெஸ்ஸக் கொஞ்சம் சத்தமா வெச்சுக்கறேன். இல்ல, ஒண்ணும் இல்ல, ஒரு பழக்கம்தான். படகுல ஏறினா அது பேசிட்டே இருக்கணும் எனக்கு. அவன் விடிகாலையிலயே கிளம்பிட்டான்.

அன்னிக்கு உங்க கடைக்கு வந்தோமே, ஞாபகம் இருக்கா? பழைய டப்பாவுல நான் கடல்ல எடம் எடமா குறிச்சு வெச்சிருந்த பாயிண்டையெல்லாம் லேப்டாப்புல ஏத்தி, கார்டுல போட்டுக் குடுத்தீங்க. அப்பத்தான் என் பொண்டாட்டி ஆரம்பிச்சா. அப்படியே இன்னொரு கார்டுலயும் போட்டுடுங்க, என் தம்பிக்கு ஆகும்னு. கடலை மிட்டாயா அது, ஆளுக்கொண்ணு குடுக்க? ஒவ்வொரு பாயிண்டும் எத்தனை நாள் சுத்தி, எத்தனை வலைய எழந்து கண்டுபிடிச்சது. நீங்க என் மூஞ்சியப் பாத்தீங்க. நான் போடுங்கன்னு தலையாட்டினேன். இந்தக் காலத்துல கூடப்பொறந்தவனுக்கே எவனும் பாயிண்டு குடுக்க மாட்டான், உங்களுக்கு எவ்ளோ பெரிய மனசுன்னு சொன்னீங்க. வழியெல்லாம் இவளும் அதையேதான் சொல்லிட்டு வந்தா. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் என் கையப் பிடிச்சிட்டு நடந்தா சார். அதனாலதான் எனக்கு வாய் வரல.

என்னது? ஒண்ணும் சொல்லலையே. நீங்க அந்த ஸ்குரூவ முறுக்குங்க.

ஆன் ஆயிடுச்சா? பளிச்சுனு இருக்கே. ஆமா, இதுதான் நம்ம கரை, இது வெளிச்சக் கோபுரம். பாயிண்டெல்லாம் வந்துடுச்சா? நூத்திப் பன்னெண்டு, சரிதான். ஒண்ணும் தவறல.

மண்டை ஓடா? ஆமா, நெறைய மண்டை ஓடு இருக்கும். ஆபத்துன்னு போடற படம்தான் அது. மீன் படம் ஒம்போது எடத்துலதான் இருக்கும். ஆமா சார், இருபத்தாறு வருஷத்துல ஒம்போதேதான். விடுங்க, அப்புறம் சொல்றேன்.

இருங்க. கேக்குதா? அவன்தான். யார்கிட்டயோ பேசறான். மாமா குடுத்த மொத எடத்துல மீனே இல்ல, வலை எதுலயோ மாட்டிக் கிழிஞ்சு போச்சுங்கறான். ரெண்டாவது எடத்துலயும் பாதி வலை போச்சாம். அவ்ளோ வலையா? சரி, போகட்டும். வலைதானே, தெச்சுக்கலாம்.

நான் சிரிச்சேனா? சிரிச்சிருப்பேன்.

மணி என்ன சார் இப்ப? ரெண்டே முக்காலா. தண்ணி வத்த ஆரம்பிச்சிருக்கும். அடுத்த மீன் படத்துக்குப் போறேன்னு சொன்னானா இப்ப? உங்க காதுல விழுந்துச்சா? நாப்பத்தி ஒண்ணாம் பாயிண்டுன்னா சொன்னான்?

சார், அந்த ஸ்குரூவ விடுங்க. ஒரு நிமிஷம் இங்க வாங்க. எனக்காக ஒண்ணு பண்ணுங்க. இந்த மைக்கப் பிடிச்சு, நீங்க ஜி.பி.எஸ். மெக்கானிக் பேசறேன்னு சொல்லுங்க. கார்டு ஏத்தும்போது மெஷின்ல ஒரு தப்பு நடந்துடுச்சு, நாப்பத்தி ஒண்ணுக்குப் போக வேணாம்னு சொல்லுங்க. அவ்ளோதான். நீங்க சொன்னா கேப்பான். உங்க மேல அவனுக்கு மரியாதை உண்டு.

பொய் இல்ல சார். எப்படிச் சொல்றது. நாங்க பழைய ஆளுங்க ஒரு வேலை பண்ணுவோம். கூட வேலை செய்யறவன் எவனாவது செல்போன்ல ஸ்கிரீனப் படம் எடுத்துட்டுப் போய் அடுத்த படகுக்காரன்கிட்ட குடுத்துடுவான்னு பயம். அதனால மீன் இருக்கற எடத்துலயெல்லாம் மண்டை ஓட்டப் போட்டுடுவோம். பாறை இருக்கற எடத்துல மீனப் போட்டுடுவோம். திருடறவன் வலை கிழிஞ்சு வரட்டும்னு. என் மனசுக்குத் தெரியும், எனக்கு அது போதும். உங்க லேப்டாப்புக்கு எப்படித் தெரியும்? இருக்கற மாதிரியே ஏத்திடுச்சு.

ஆமா, அன்னிக்கே சொல்லியிருக்கணும். கடையிலயே சொல்லியிருக்கலாம். வீட்டுல சொல்லியிருக்கலாம். காலையில அவன் போகும்போது இதே தூண்ல நின்னு பாத்துட்டிருந்தேன், அப்பவும் சொல்லியிருக்கலாம். டாட்டா காட்டினான் சார். நானும் காட்டினேன். ஒரே ஒரு நாள் அவன் கிழிஞ்ச வலையோட வெறும் படகா வரணும், அத அவன் அக்கா பாக்கணும், அவ்ளோதான் என் ஆசை. சாமி சத்தியமா அவ்ளோதான். அவன் நாப்பத்தி ஒண்ணு வரைக்கும் போவான்னு நான் நினைக்கல.

அது வலை கிழியற எடம் இல்ல சார். அடியில ஒத்தப் பாறை, ஊசி மாதிரி நிக்குது. தண்ணி ஏறியிருக்கும்போது மேல போனா தெரியாது. வத்தினா முழங்கால் ஆழம்கூட இருக்காது. எந்த மேப்புலயும் கெடையாது, நானே படகோட அடிய உரசிக்கிட்டுத்தான் கண்டுபிடிச்சேன். அவனோட சேத்து நாலு பேர் இருக்காங்க. அவன் எஞ்சின மெதுவா ஓட்டவே மாட்டான். முழு வேகத்துலதான் போவான்.

நான் கூப்பிட்டா நம்ப மாட்டான் சார். மாமா நல்ல எடத்தக் குடுத்துட்டு இப்ப வயித்தெரிச்சல்ல தடுக்கறாருன்னு இன்னும் வேகமாத்தான் போவான். அதுக்குத்தான் உங்களக் கெஞ்சறேன்.

ஏன் தலையாட்டறீங்க? உங்க தொழிலுக்குக் கெட்ட பேரு வரும்தான், ஒத்துக்கறேன். அதான் நானே பேசணும்ங்கறீங்க. அவ வீட்டுல வயர்லெஸ் வெச்சிருக்கா சார். தம்பி பேசறதக் கேக்கறதுக்குன்னே வாங்கி அடுப்படியில வெச்சிருக்கா. நான் பேசறது ஒண்ணு விடாம அவ காதுல விழும்.

குடுங்க.

மாப்ள. மாப்ள, மாமா பேசறேன். கேக்குதா? நாப்பத்தி ஒண்ணுக்குப் போகாத. அது மீன் இல்ல, பாறை. நான்தான் மாத்திப் போட்டு வெச்சிருந்தேன், தெரிஞ்சேதான் உன்கிட்ட குடுத்தேன். ஆமா. ஆமாடா, பொறாமைதான். உங்கக்காவும் கேட்டுக்கட்டும், பொறாமைதான். இப்ப எஞ்சின நிறுத்து.