ஓர் ஆளுக்கு இடம் விட்டு

எனக்கு ஐந்தே நிமிடம் என்று ஆணையிட்டு அமர்ந்திருக்கும் விழாத் தலைவர், வணிகர் சங்கத்து ராஜையன் அண்ணாச்சி அவர்களே, நாகர்கோவில் நகரத்துப் பெரியோர்களே, கல்யாணப் படத்தில் கண்மூடிய கணத்தில் எடுத்துவிட்டேன் என்று இன்றும் என்னைக் கரித்துக்கொட்டும் தாய்மார்களே, வணக்கம்.

வெள்ளைக்காரன் காலத்தில் என் தாத்தா திறந்த ஸ்டுடியோவுக்கு இன்று வயது நூறு. எங்களை வாழவைத்தது எது? கேமராவா? கிடையாது. இடைவெளி. கொழும்புக்குப் போனவனுக்குக் குடும்பப் படத்தில் ஓர் ஆள் இடம் விட்டு எடுத்தார் தாத்தா. துபாய்க்குப் போனவனுக்கு இடம் விட்டார் அப்பா. தபாலில் படம் வரும், வெட்டுவோம், ஒட்டுவோம், குடும்பம் கூடிவிடும்.

நான் ஒட்டிய லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். துபாயில் இருந்த செல்வதாஸின் இடத்தில் மஸ்கட்காரர் ஒருவரை ஒட்டிக் கொடுத்துவிட்டேன். சிரிக்காதீர்கள் அண்ணாச்சி, எல்லோருக்கும் ஒரே மீசை, ஒரே கூலிங் கிளாஸ். இரண்டு வருடம் கழித்து லீவில் வந்த செல்வதாஸ் படத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். பின்னால் மனைவி செல்லபாய்.

"ஏட்டி, கட்டுன புருசன் மொகம் கூடவா தெரியல்ல?"

செல்லபாய் சொன்னாள்: "தெனமும் இதுகிட்டதான் பேசுனேன். ஆளு மாறுனது தெரியல்ல. ஆளு இல்லாததுதான் தெரிஞ்சுது."

அன்று நானும் சிரித்தேன். இன்று?

மனைவி மறைந்தபின் வீட்டில் இருப்பது நானும் ஒரு கேமரா ஸ்டாண்டும். இருவரில் நேராக நிற்பது ஸ்டாண்டுதான். கனடாவில் இருக்கும் ஒரே மகள் ஜெனிலா விழாவுக்கு வருவாள் என்று உங்கள் எல்லோரிடமும் பெருமையடித்தேன். முன்வரிசையில் காலியாகக் கிடக்கும் நாற்காலி அவளுக்குப் போட்டதுதான். காலையில் வாட்ஸ்அப்பில் அவள் படம் வந்தது. "லீவு கெடைக்கல்லப்பா. என்னைய ஒட்டிருங்க."

எத்தனை வீட்டுக்கு ஒட்டினேன், எத்தனை பிரிவை மறைத்தேன், எத்தனை பேரைக் கூட்டிவைத்தேன். என் மகளை ஒட்ட மட்டும் கை வரவில்லையே, ஏன்? ஒட்டிவிட்டால் அவள் வந்ததாகிவிடும். வந்தவளை யார் எதிர்பார்ப்பார்கள்?

இப்போது நம்மைப் படமெடுக்கப் போகிறவர் கிருஷ்ணமணி. முப்பது வருடமாக எனக்கு எதிர்க்கடை, என்னைவிட மோசமாக எடுக்கும் ஒரே ஆள். அவரும் தலையாட்டுகிறார், நன்றி. எல்லோரும் மேடைக்கு வாருங்கள். நெருங்கி நில்லுங்கள். என் வலப்பக்கம் மட்டும் யாரும் நிற்க வேண்டாம்.

வந்து நிற்கும் உங்களுக்கு என் நன்றி. வராதவளுக்கு என் வணக்கம். கிருஷ்ணமணி, இடம் விட்டு எடும் ஓய்.