தோற்றவன் வாக்கு

— இப்ப உள்ளவனுவளுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு ஃபாரம் தம்பி. தும்முறதுக்கும் ஃபாரம். ஒருத்தன் நல்லவனா கெட்டவனான்னு மூஞ்சியைப் பாத்தாத் தெரியாதா? நம்ம ஊர்ச் சங்கத்துல வழக்குத் தீர்க்க ஒரு நடுவர் வைக்க என்னத்துக்கு நாலு பக்கம் கேள்வி?

— உக்காருங்க செய்கு மாமா. ஜும்ஆத் தொழுகைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. நான் அதிகம் கேக்கப் போறதில்லை.

— நீ கேப்பே சித்தீக்கு. பார்மசியில உக்காந்து மாத்திரை எண்ணுறவன்தானே. தலைவருக்கு வாய் இல்லையா? "இன்னாரு நடுவர்"னு ஒரு வார்த்தை, கலாஸ், முடிஞ்சுது. நான் குவைத்துக்கு வந்த நாள்லேருந்து அப்படித்தான் நடந்துச்சு.

— அப்படி நடந்துதான் போன தலைவர் தன் மச்சினனையே கொண்டுவந்து வெச்சாரு. அந்த ஆளு யாரு யாருக்குச் சாதகமாத் தீர்ப்புச் சொன்னாருன்னு நீங்களே பள்ளிவாசல் வெளியில நின்னு கத்தினீங்க. அதான் இந்தத் தேர்வுக் குழு. ஆசைப்படுறவங்க மனுப் போடணும். நாங்க அஞ்சு பேரு விசாரிச்சு மூணு பேரைச் சொல்லுவோம். தலைவர் அந்த மூணுல ஒருத்தரைத்தான் வைக்கலாம்.

— அந்த அஞ்சு பேரைப் பொறுக்கினது யாரு?

— ரெண்டு பேரு தலைவர் வெச்சது. என்னையும் இன்னொருத்தரையும் பொதுக்கூட்டத்துல கை தூக்கி எடுத்தாங்க. அஞ்சாவது ஸ்ரீகாந்த் சார்.

— அந்தக் கோயமுத்தூர் இஞ்சினியரா? அவருக்கு நம்ம ஊர்ல எவனைத் தெரியும்?

— யாரையும் தெரியாது மாமா. அதுக்காகத்தான் கூப்பிட்டோம்.

— நல்ல கூத்து! தெரியாதவன் பொறுக்குறது, தெரிஞ்சவன் வேடிக்கை பாக்குறது. பொறுக்குறவனைப் பொறுக்க இன்னொரு கமிட்டியும் போட்டுடுங்க.

— அதுக்கும் ஒரு ஃபாரம் அடிச்சிடுவோம். விஷயத்துக்கு வாங்க. உங்க வழக்கு ஒண்ணு புது நடுவர்கிட்ட வருது, இல்லையா?

— வருது. மச்சான் சுஐபு என்னை ஊருக்கு அனுப்பிட்டு, அவன் மவனைக் கல்லாவுல உக்கார வைக்கப் பாக்குறான். ஈராக் சண்டை முடிஞ்சு வந்து, ஃபர்வானியாவுல உடைஞ்ச கண்ணாடியைக் கூட்டி அள்ளிட்டு நானும் அவனுமாத் திறந்த பக்காலா தம்பி. பதிமூணு வருஷமா அரிசியும் சோப்பும் வித்த இடம். இந்த அறுபத்து மூணு வயசுல கடை போனா இங்கே தங்குற அக்காமாவும் போச்சு. என்னைப் பிளேன் ஏத்திட வேண்டியதுதான்.

— குவைத் கோர்ட்டுல சொல்லிப் பாக்கலாமே?

— என்னன்னு சொல்றது? லைசென்ஸ் நம்ம கஃபீல் அரபி பேருல இருக்கு. அங்கே நானும் வேலைக்காரன், அவனும் வேலைக்காரன். பங்குன்னு சொன்னா அரபி சிரிப்பான். நம்ம நடுவரை விட்டா எனக்கு வேற வாசல் கிடையாது. அதனாலதான் சொல்றேன், என் தங்கச்சி மவன் கலீல் ரஹ்மானை வைங்க. மனுப் போட்டிருக்கான்ல?

— போட்டிருக்கான். கலீல் எதனாலன்னு சொல்லுங்க.

— தங்கமான பிள்ளை. எழுதிக்க. நேத்து அவனாவே போன் போடுறான். "மாமா, நான் மட்டும் உக்காந்துட்டேன்னு வைங்க, சுஐபு மாமா வாயே திறக்க வேணாம், கடை உங்களுக்கு"ங்கிறான். இந்தக் காலத்துல எவன் இப்படிச் சொல்லுவான்? எழுதினியா?

— எழுதிட்டேன். அடுத்தது சாதிக் பாட்ஷா.

— அவன் பேச்சை எடுக்காதே!

— அவரும் மனுப் போட்டிருக்காரு மாமா. உங்க கடையில வேலை பாத்த வாசு விஷயத்தை அவருதான் தீர்த்து வெச்சாராமே?

— தீர்த்தானா? என்னைத் தீர்த்தான்! அம்மாவுக்கு மேலுக்கு முடியலை, ஊருக்குப் போகணும்னு வாசு நின்னான். நான் பாஸ்போர்ட்டைப் பூட்டி வெச்சேன். விட்டா திரும்பி வருவானா? பஞ்சாயத்து இவன்கிட்ட போச்சு. ரெண்டு மணி நேரம் என்னைப் பேச விட்டான். நடுவுல ஒரு சொல்லு சொல்லலை. நான் கொண்டுபோன டீயைத் தொடலை. அவ்வளவு திமிரு. எழுதிக்க.

— எழுதுறேன், சொல்லுங்க.

— அப்புறம் அந்த வாசுவையும் அதே மாதிரி உக்கார வெச்சுக் கேட்டான். கடைசியில, "பாஸ்போர்ட் அவனோடது செய்கு காக்கா, சாயங்காலத்துக்குள்ள கையில கொடுத்துடுங்க"ன்னுட்டான். என் ரூமுல நோன்புக் கஞ்சி குடிச்சவன், எனக்காக ஒரு அங்குலம் சாயலையே! காரணத்தைத் தாள்ல எழுதி வேற கொடுத்தான். ரூம்காரனை விட்டு நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். எங்கே தப்புன்னு பிடிக்க முடியலை. அப்படிப்பட்ட கள்ளன். எழுது, எழுது.

— வாசு திரும்பி வந்தாரா?

— வந்தான், லீவு முடிஞ்ச அன்னைக்கே வந்து நின்னான். அது வேற விஷயம்.

— சரி மாமா. எழுதினதைப் படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கணும். கேளுங்க. "கலீல் ரஹ்மான்: எதிராளி பேசுறதுக்கு முன்னாடியே தீர்ப்பு எனக்குத்தான்னு வாக்குக் கொடுத்தாரு. சாதிக் பாட்ஷா: ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் கேட்டாரு. டீ கூடக் குடிக்கலை. பழக்கத்துக்காகச் சாயலை. காரணம் எழுதிக் கொடுத்தாரு. தோத்த நானே அதுல தப்புக் கண்டுபிடிக்க முடியலை."

— ஏய், நான் அவனைத் திட்டினேன்டா!

— அதையும் போட்டிருக்கேன். "திமிரு பிடிச்சவன், கள்ளன்."

— இதைப் படிச்சா உங்க அஞ்சு பேரும் யாரை மேல அனுப்புவீங்க?

— அதை நான் சொல்லக் கூடாது மாமா.

— சொல்லாமலே விளங்குது. என் வாயாலயே என் கடைக்குக் குழி வெட்ட வெச்சுட்டியேடா பாவி. அடி. எல்லாத்தையும் அடிச்சிடு.

— கையெழுத்துப் போடுற வரைக்கும் அடிக்க உங்களுக்கு உரிமை இருக்கு. இந்தாங்க பேனா. எது பொய்யோ சொல்லுங்க, அந்த வரியைக் காட்டுறேன், நீங்களே அடிங்க.

— இரு. ஊர்க்காரன் இத்தனை பேரு இருக்க, என்னை எதுக்குக் கூப்பிட்டே? என் பேரை உன்கிட்ட யாரு கொடுத்தது?

— மனுவுல ஒரு கேள்வி இருக்கு. "உங்க முடிவால தோத்தவங்க யாரு?"ன்னு. கலீல் அந்த இடத்தை வெறுமனே விட்டுட்டான். சாதிக் பாட்ஷா முதல் பேரா உங்களை எழுதியிருக்காரு. "செய்கு காக்கா இன்னைக்கும் என் சலாமுக்குப் பதில் சொல்றதில்லை, அவரை அவசியம் கேளுங்க"ன்னு.

— அதுலயும் ஏதாவது சூது இருக்கும்.

— இருக்கலாம் மாமா. எதை அடிக்கணும்னு சொல்லுங்க, நானே அடிச்சிடுறேன்.

— கையை எடு. இந்தா, போட்டாச்சு. ஒரு வரியும் அடிக்கலை, நல்லாப் பாத்துக்க. நான் வாறேன், தொழுகைக்குப் பாங்கு சொல்றதுக்குள்ள கடையை மூடணும். ஆனா ஒண்ணு சித்தீக்கு, உங்க கமிட்டியை நம்பித்தான் செய்கு முகம்மது கையெழுத்துப் போட்டான்னு எவன்கிட்டயாவது சொன்னே, நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு அந்தச் சாதிக் பாட்ஷாகிட்டயே வழக்குப் போடுவேன்.