குழாய்க்குக் கீழே ஒரு முகம்

“கொஞ்சம் மெதுவா நடங்க, பின்னாடி வர்றவங்களுக்குக் காது கேக்காது” என்று உங்கள் காவலரிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பழக்க தோஷம், மன்னித்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்தது ஒரே ஒரு அம்மாள்தான். அவரையும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டீர்கள். யார் என்று பிறகு சொல்கிறேன்.

ஊர்ச் சுவர்களில் வரைந்திருக்கும் படங்களை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுவது என் தொழில். தலையில் தொப்பி, இடுப்பில் ஒரு சின்ன ஒலிபெருக்கி, பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். நடந்துகொண்டே பேசிப் பழகியவன். உட்கார்ந்து பேசினால் வாய் ஒத்துழைக்காது. பரவாயில்லை, முயற்சி செய்கிறேன். சுண்ணாம்பு என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்தப் பையன் எப்படி விழுந்தான் என்று சொல்லத்தான் நானாகவே வந்திருக்கிறேன். ஆனால் கடைசி நிறுத்தத்திலிருந்து ஆரம்பித்தால் யாருக்கும் எதுவும் விளங்காது.

முதல் நிறுத்தம் டயர் கடையின் இரும்புக் கதவு. அதில் ஒரு தூங்கும் புலி. கடையைத் திறந்தால் புலி சுருண்டு மேலே போய்விடும் என்பதால் காலையிலேயே காட்டிவிட வேண்டும். எல்லோரும் சிரிப்பார்கள். கூட்டத்தைச் சிரிக்கவைத்துத்தான் உள்ளே இழுக்க வேண்டும்.

இரண்டாவது ஒரு மீன். செதில் செதிலாக உரிந்து, இப்போது மீனா படகா என்றே தெரியாது. அதன் முன்னால் நிறுத்தி ஒரு விதியைச் சொல்வேன். சுவரில் வரைகிறவர்களுக்குள் எழுதாத விதி ஒன்று இருக்கிறது. ஒரு படத்தின் மேல் வெள்ளை அடிக்கும் உரிமை அதை வரைந்தவனுக்கு மட்டும்தான். மற்றவன் தூரிகையைக் கொண்டுபோனால் அவனோடு யாரும் பேசமாட்டார்கள், சாயம்கூடக் கடன் தரமாட்டார்கள். வரைந்தவன் செத்துவிட்டால் அந்தச் சுவரை யாருமே தொடக் கூடாது. மழையும் வெயிலும் தின்று தீர்க்கிறவரை அப்படியே கிடக்கும். மீனை வரைந்தவர் காலமாகிவிட்டார். அதனால்தான் இந்தக் கோலத்திலும் மீன் பத்திரமாக இருக்கிறது. வீட்டுக்காரர்களும் அதை மதிக்கிறார்கள். இதைச் சொன்னதும் கூட்டம் அமைதியாகிவிடும். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நிறுத்தம்தான் முகம்.

மூன்று மாடி உயரம். வயதான ஒரு பெண், வாயை மூடிக்கொண்டு, எங்கோ தூரத்தில் யாரோ வருவதைப் பார்ப்பதுபோல. இடது கண்ணுக்குச் சற்று மேலே, மூன்றாம் மாடிக் குளியலறையின் தண்ணீர்க் குழாய் சுவரை விட்டு வெளியே வருகிறது. அதன் இணைப்பிலிருந்து எப்போதும் ஒரு கசிவு. அது கண்ணில் இறங்கி, கன்னம் வழியாகத் தாடைவரை ஒரு கோடாக வழியும். வெயிலில் அந்தக் கோடு மின்னும். சுவர் அழும், சார். நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் சொல்வது இதுதான்: இதை வரைந்தவனை நாலு வயதில் அவன் அம்மா பேருந்து நிலையத்தில் உட்காரவைத்து, பிஸ்கட் வாங்கிவருகிறேன் என்று போனாள். திரும்பவே இல்லை. எங்கோ தன்னந்தனியாகக் கிடந்து செத்துப்போனாள். அது அவனுக்குத் தெரியாது. என்றாவது ஒருநாள் அவள் ஏதாவது ஒரு பேருந்தில் இந்தப் பக்கம் வருவாள், தன் முகத்தைத் தானே பார்த்து இறங்குவாள் என்று ஜன்னலிலிருந்து தெரிகிற உயரத்தில் வரைந்துவைத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டான். அவன் பெயர் யாருக்கும் தெரியாது.

இதைக் கேட்டுப் பெரிய பெரிய ஆட்கள் கைக்குட்டை எடுத்திருக்கிறார்கள். ஒரு பெண் அங்கேயே நின்று தன் அம்மாவுக்குப் போன் போட்டாள். இந்தக் கதையை எனக்கு யாரும் சொன்னதில்லை. சுவரே சொன்னது. பார்க்கத் தெரிந்தவனுக்குச் சுவர் சொல்லும்.

மூன்றாம் மாடியில் ஒரு தையல்காரம்மா குடியிருக்கிறார். கசிவால் உள்ளே சுவரெல்லாம் பூஞ்சை பிடித்து, பேரனுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது என்று குழாய்க்காரரைக் கூப்பிட்டுச் சரிசெய்துகொண்டார். மறுநாள் கூட்டத்தோடு போய் நிற்கிறேன், கன்னம் காய்ந்துகிடக்கிறது. கதையைப் பாதியிலேயே நிறுத்திக் கூட்டத்தை அனுப்பிவிட்டேன். அன்று சாயங்காலமே மொட்டைமாடிக்குப் போகிற வெளிப்படியில் ஏறி, சுவரை ஒட்டிக் கையை நீட்டி, மரையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். அவர் மறுபடி சரிசெய்தார். நான் மறுபடி தளர்த்தினேன். குழாய்க்காரருக்கும் அவருக்கும் பெரிய சண்டை. ஸ்பேனர் என் வீட்டில்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். பையன் இருமுவது தெருவரைக்கும் கேட்கும். இருமலுக்கு மருந்து கிடைக்கிறது, சார். அந்தக் கண்ணீருக்கு மாற்று எங்கே கிடைக்கும்?

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவன் வந்தான்.

கூட்டத்தின் கடைசியில் ஒல்லியாக ஒருவன் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு நின்றான். தலைமுடியில் வெள்ளைப் புள்ளிகள். அதனால்தான் சுண்ணாம்பு என்று பெயராம், பிறகு தெரிந்தது. நான் முடித்ததும் எல்லோரும் வழக்கம்போல அமைதியாக நின்றார்கள். அந்த அமைதிதான் என் சம்பளம். அதில் இவன் குரல் கேட்டது.

“அண்ணே, சூப்பரா சொல்றீங்க. எனக்கே தொண்டை அடைச்சிடுச்சு. ஆனா இது எங்கம்மா இல்லண்ணே.”

எல்லோரும் திரும்பினார்கள்.

“நான்தான் வரைஞ்சேன். ஒரு பல்பொடி டப்பா மேல இருந்த மூஞ்சி. பல்லு வரைய சோம்பேறித்தனம், அதான் வாய மூடிட்டேன். எங்கம்மா நல்லா இருக்காங்க. நேத்துகூட போன்ல அரைமணி நேரம் திட்டினாங்க.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“அப்பறம் அது கண்ணீர் இல்லண்ணே. மேல் வீட்டு பாத்ரூம் ஒழுகுது.”

அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கைக்குட்டையை வெளியே எடுத்திருந்த ஒருவர் அதாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். தாடை வலிக்கும்வரை சிரித்தேன். அன்று வீட்டுக்கு நடந்துபோனதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை. கழுத்துக்கு மேலே தீப்பிடித்தது போல இருந்தது, அந்தச் சூடு மட்டும் ஞாபகம் இருக்கிறது. இப்போதும் இருக்கிறது. நான் நிதானமாகப் பேசுகிறேன் என்பதால் அது போய்விட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

சுண்ணாம்பு நல்ல பையன். அதைச் சொல்லியாக வேண்டும். மறுநாள் அவனே என்னைத் தேடிவந்தான். “கோச்சுக்காதீங்கண்ணே, வாய் சும்மா இருக்காது எனக்கு” என்றான். பழைய முகத்தை அழித்துவிட்டுப் புதிதாக வரையத்தான் ஊருக்கு வந்திருப்பதாகச் சொன்னான்.

“என்ன வரையப் போற?”

“பூனைண்ணே. வாய ஆன்னு தொறந்து கொட்டாவி விடுற பூனை. இந்தத் தடவ பல்லெல்லாம் வரைஞ்சிடுவேன்.”

வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். எத்தனை பேர் அந்த முகத்துக்கு முன்னால் அழுதிருக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னேன். அவன் என் தோளில் கைபோட்டான்.

“மூஞ்சிக்கே கதை கட்டினவரு, பூனைக்குக் கட்ட மாட்டீங்களா? பூனைக்கும் அம்மா உண்டுண்ணே.”

தன் கையால் செய்ததன் மதிப்பு தெரியாதவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அந்த முகத்தை அவன் வரைந்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அவனுடையது என்று எப்படிச் சொல்ல முடியும்? வெயிலிலும் மழையிலும் அதன் முன்னால் நின்றது யார்? அவன் வரைந்துவிட்டுப் போய்விட்டான். நான் இருந்தேன்.

அவனுக்கு மேலே கயிறு பிடிக்கிற கூட்டாளிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் வருகிறேன் என்றேன். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். “அப்பாடா, கோவம் போயிடுச்சா அண்ணே” என்று கையைப் பிடித்துக் குலுக்கினான்.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். வரைகிறவன் ஒரு பலகையில் உட்கார்ந்து தொங்குவான். பலகையின் கயிறு கைப்பிடிச் சுவரைத் தாண்டி மேலே வந்து, தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தூணில் சுற்றியிருக்கும். மேலே இருப்பவன் அந்தச் சுற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்தி இறக்குவான். அது தவிர, வரைகிறவனின் இடுப்பு வாரிலிருந்து இரண்டாவது கயிறு ஒன்று, அதே தூணுக்கு வரும். பலகை போனாலும் அது தாங்கும். அந்த முடிச்சை சுண்ணாம்பு வேறு யாரையும் போடவிடமாட்டான். தானே போட்டு, காலால் உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவான்.

காலையில் அப்படித்தான் செய்தான். மதியத்துக்குள் முகத்தின் வலது பாதி முழுக்க வெள்ளையாகிவிட்டது. மேலே வந்து, இடுப்பு வாரைக் கழற்றிக் கயிற்றோடு அங்கேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். நான் பசியில்லை என்று சொல்லிவிட்டேன். அவன் திரும்பி வந்து வாரை மாட்டிக்கொண்டான். தூணில் காலையில் போட்ட முடிச்சை மறுபடி பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. தானே போட்டது. மேலே நான் வேறு இருக்கிறேன். முடிச்சு பார்வைக்கு முடிச்சு மாதிரிதான் இருந்தது, அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தேன்.

பேப்பரில் என்ன போட்டார்கள்? பலகைக் கயிறு என் கையை மீறி ஓடிவிட்டது, இரண்டாவது கயிற்றை அவன் கட்ட மறந்துவிட்டான் என்று. உங்கள் ஆட்களும் அதையே எழுதிக்கொண்டார்கள். படித்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தொழிலில் அவ்வளவு சுத்தமான பையனைப் பற்றி எப்படி அப்படி எழுதலாம்? அவன் மறக்கிறவன் இல்லை. நான் அவிழ்த்தேன்.

என் கையையும் யாரும் பார்க்கவில்லை. ஓடுகிற கயிற்றைப் பிடிக்க முயன்றவனுக்கு உள்ளங்கைத் தோல் இருக்காது. எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. உங்கள் காவலர் ஒருவர் இந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

மதியத்துக்குப் பிறகு இடது பக்கம் நெற்றியும் வெள்ளையாகிவிட்டது. அடுத்தது கண். நான் எட்டிப் பார்க்கவில்லை. உருளைத் தூரிகையின் ஈரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் குரல்.

“இன்னும் கொஞ்சம் இறக்குங்கண்ணே.”

இறக்கச் சொன்னான். இறக்கினேன். தூணிலிருந்த எல்லாச் சுற்றையும் எடுத்துவிட்டேன்.

விதியைச் சொன்னேன் அல்லவா. வரைந்தவன் போய்விட்டால் சுவரை யாரும் தொடக் கூடாது. அந்த இடது கண்ணும் அதன் கீழே கன்னமும் இன்னும் அங்கே இருக்கின்றன. குழாயும் கசிந்துகொண்டுதான் இருக்கிறது. வெள்ளையின் ஓரத்தில் ஒற்றைக் கண் அழுவதைப் பார்க்க இப்போது முன்னைவிடக் கூட்டம். அம்மா வரமாட்டாள் என்று தெரிந்த பிள்ளை மனம் வெறுத்து அவள் முகத்தை அழிக்க வந்தான், அந்தக் கண்ணுக்கு வந்ததும் அழிக்கக் கை வரவில்லை, அப்படியே சரிந்துவிட்டான் என்று சொல்கிறேன். யாரும் சிரிப்பதில்லை.

இன்று காலை முன்வரிசையில் ஒரு அம்மாள் நின்றார். கையில் துணிப்பை. எல்லோரும் அழுதபோது அவரும் அழுதார். எல்லோரும் கலைந்த பிறகும் போகவில்லை.

“நல்லா சொல்றீங்க தம்பி. கேட்டுட்டு நானே அழுதுட்டேன்” என்றார். “ஆனா நான் அவன விட்டுட்டு எங்கயும் போகலயே.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மறைக்க விரும்பவில்லை. அவர் செத்துப்போனவர், சார். என் கதைக்குள் வந்து நின்றுகொண்டு பை வேறு வைத்திருக்கிறார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார், இதே கையை.

“நீங்கதான் அன்னிக்கு மேல கயிறு பிடிச்சீங்களாமே. என் புள்ள கடைசியா என்னப்பா சொன்னான்?”

  “வாங்கம்மா, ஒரு இடத்துல வெச்சு சொல்றேன்” என்று மட்டும் சொல்லி நடந்தேன். அவர் பின்னாலேயே வந்தார். வழியில் மீன் சுவரைக் கடக்கும்போது இது என்னப்பா என்று கேட்டார். மீன் என்று சொன்னேன்.

மனசாட்சி உறுத்தி வந்தான் என்று எழுதாதீர்கள். அவர் பிள்ளை முடிச்சுப் போட மறந்தவன் என்று அந்த அம்மாள் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. அதற்காக வந்தேன். பொய்யை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அது என் சுபாவம். கயிற்றைப் பற்றி நீங்கள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், ஒன்றைக்கூட மறைக்க வேண்டாம். கையெழுத்தை எங்கே போட வேண்டும், காட்டுங்கள், போடுகிறேன்.

கடைசியாகச் சொன்னது என்ன என்று மட்டும் அவர் மறுபடி கேட்பார். கொஞ்சம் இறக்குங்க என்பதெல்லாம் ஒரு கடைசி வார்த்தையா, சார்? அதைக் கேட்டுவிட்டு யார் அழுவார்கள்?

“அந்தக் கண்ணுகிட்ட வந்ததும் ‘அம்மா’ன்னு கூப்ட்டான்னு சொல்லிடுங்க சார். நீங்க சொன்னா நம்புவாங்க.”