மகர் என்றால் ஆனால்

எல்லா மீனுக்கும் ஒரே தூண்டில் போதும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. சோற்றுக் கரண்டியால் ரசத்தையும் ஊற்றலாம்தான், யார் வேண்டாம் என்றது. அப்படி ஊற்றுகிற வீட்டில் எனக்குச் சாப்பிடப் பிடிக்காது, அவ்வளவுதான்.

நீங்கள் விசாரிக்க வீட்டுக்கு வந்தபோது முதலில் கேட்டதும் அதைத்தான், இன்ஸ்பெக்டர் சார். எதற்கு இத்தனை தூண்டில் ராடு என்றீர்கள். என் மனைவி அகிலா உள்ளே இருந்து சிரித்தாள். அன்று எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. இன்று நானாகவே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன், எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்குத் தமிழ் தெரிந்திருப்பது வசதியாகப் போயிற்று.

அவை ஃப்ளை ராடுகள். இறாலையோ புழுவையோ மாட்டிப் போடும் தூண்டில் இல்லை. கொக்கியில் இறகையும் நூலையும் கட்டி, குஞ்சு மீன் மாதிரி ஒரு பொய் இரை செய்ய வேண்டும். அதற்கு எடையே இருக்காது. ஆகவே கனமான லைனைக் காற்றில் முன்னும் பின்னும் வீசி, அந்த வேகத்தில் இரையைக் கொண்டுபோய் இறக்க வேண்டும். லைனின் கனத்துக்கு ஏற்றபடி ராடுக்கு நம்பர். ஆறாம் நம்பர் மெலிசு, மின்னி பே கடற்கரையில் திரியும் சின்னச் சீலாவுக்கு அதுவே போதும். பவளத்திட்டின் மேல் முழங்கால் தண்ணீரில் வாலைத் தூக்கிக்கொண்டு மேயும் கிளாத்திக்கு ஒன்பதாம் நம்பர். பெரிய பாரைக்குப் பன்னிரண்டாம் நம்பர் வேண்டும், அதற்குக் கீழே எதைக் கொண்டுபோனாலும் பாரை அதை முறித்துவிட்டுப் போகும். எட்டாம் நம்பர் கிரீக்குக்கு, கடல் உள்ளே புகுந்த கழிக்கு. அலையாத்தி வேர்களுக்குள் பதுங்கியிருக்கும் கொடுவாவுக்கு.

எனக்கு எட்டாம் நம்பர்தான் பிடிக்கும். மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். தண்ணீரில் இறங்கி நின்று, என் கையால் கட்டிய பொய் இரையில், ஒரு நல்ல கொடுவாவைப் பிடிக்க வேண்டும் என்பதைத் தவிர இந்தத் தீவில் எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை. வேலைக்கு வந்த காலத்திலிருந்து, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் போயிருக்கிறேன். தோள்பட்டை வீங்கியிருக்கிறது, முதுகு தோல் உரிந்திருக்கிறது. கொடுவா மட்டும் கிடைக்கவில்லை. வேர் வரை துரத்திக்கொண்டு வரும், மூக்கால் தொட்டுப் பார்க்கும், திரும்பிப் போய்விடும். அந்த எரிச்சல் அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

சுதாகர் திருமங்கலத்துக்காரர். எங்கள் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து, பக்கத்து வீட்டில் குடியேறினார். மனைவி உமா மகேஸ்வரி ஊரில் இருந்தார், வீடெல்லாம் சரியானபின் வருவதாக ஏற்பாடு. நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தை சொல்ல நான் இங்கே வரவில்லை.

அவருக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. இங்கே இந்தி இல்லாமல் ஆட்டோவில்கூட ஏற முடியாதே. சாயங்காலம் எங்கள் வீட்டு வராந்தாவில் உட்கார்த்தி நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் என்பதற்கு என்ன என்று கேட்டார். லேகின் என்றும் சொல்லலாம், மகர் என்றும் சொல்லலாம் என்றேன். மகர் என்பது அவருக்குப் பிடித்துவிட்டது. அபர்டீன் பஜாரில் காய் வாங்கும்போது, "அச்சா ஹை, மகர்", நல்லாத்தான் இருக்கு, ஆனால் என்று இழுத்து விலையைக் குறைப்பார். கடைக்காரர்கள் சிரிப்பார்கள். அதே சொல்லுக்கு முதலை என்றும் பொருள் உண்டு என்பதை நான் அப்போது சொல்லவில்லை. உள்நோக்கம் எதுவும் இல்லை. தேவைப்படவில்லை, சொல்லவில்லை.

மீன்பிடிக்க அவராகத்தான் கூட வந்தார். ராடு என்று சொல்ல மாட்டார், குச்சி என்பார். "அண்ணே, அந்தப் பெரிய குச்சியக் குடுங்க" என்பார். பெரிய குச்சி என்றால் பன்னிரண்டாம் நம்பர். அதைக் கொண்டுபோய்ச் சின்னச் சீலா பிடிப்பார். ஒன்பதாம் நம்பரின் நுனியை ஆட்டோ கதவில் வைத்து நசுக்கிவிட்டு, "டேப்பு சுத்திட்டேண்ணே, முன்னவிட ஸ்ட்ராங்" என்று திருப்பிக் கொடுத்தார். டேப் சுற்றிய அந்த ராடிலேயே மறுவாரம் கிளாத்தியும் பிடித்தார். நான் அருகில்தான் நின்றுகொண்டிருந்தேன். என் கையில் இருந்த புது ராடை எந்த மீனும் சீண்டவில்லை.

பிறகு பாரை. ஹேவ்லாக்குக்குப் போயிருந்தோம். பாறை விளிம்பில் நின்று எப்படி வீச வேண்டும், எப்போது இழுக்க வேண்டும் என்று நான் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பாதி கேட்டுக்கொண்டே, தப்பும் தவறுமாக ஒரு வீச்சு வீசினார். லைன் சுருண்டு விழுந்தது. அந்தச் சுருளுக்குள் வந்து பாரை கடித்தது. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பாரை. பாரையோடு எடுத்த படத்தை அலுவலகம் முழுக்கக் காட்டினார். அதில் எனக்குத்தான் இடமில்லை. படத்தின் ஓரத்தில் என் முழங்கை தெரியும்.

அன்று அகிலா சொன்னாள், "இத்தன வருஷமா நீங்க வீட்டுக்குக் கொண்டுவந்தது வெயிலத்தான். அவரப் பாருங்க, வந்த வேகத்துல." அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். அந்தப் பாரையின் தலைக்கறி எங்கள் வீட்டில்தான் கொதித்தது. நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன்.

இதெல்லாம் ஒருவரைக் கொல்வதற்குக் காரணமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். பாரையை அவரே வைத்துக்கொள்ளட்டும், கிளாத்தியையும் வைத்துக்கொள்ளட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எனக்குக் கொடுவா மிச்சம் இருந்தது. மறுநாள் வேலி ஓரம் நின்று அவர் கேட்டார், "அண்ணே, அடுத்து கொடுவாதான். ஒங்க எட்டாம் நம்பர் குச்சியோட அந்தக் கிரீக்குக்குப் போவமா?"

நான் போகலாம் என்றேன்.

எந்தக் கிரீக் என்பதை நான்தான் முடிவு செய்தேன். முதலை எச்சரிக்கைப் பலகை வைத்த இடங்களை விட்டுவிட்டேன், பலகையில் படமும் போட்டிருப்பார்கள். அவர் முன்பே ஒருமுறை என்னிடம் கேட்டிருக்கிறார், இங்கே முதலை உண்டா என்று. நாம் குளிக்கிற பீச்சில் கிடையாது என்றேன். அதில் பொய் இல்லை. நான் போகும் கிரீக்கிலும் நானாகக் கண்டதில்லை. பெரியது ஒன்று சேற்றில் ஏறிப் படுத்திருப்பதைப் பார்த்ததாகப் படகுக்காரர் கண்ணையா சொன்ன கிரீக் ஒன்று உண்டு. அதற்கு அப்புறம் நான் அங்கே போகவில்லை. அன்று அங்கே போனோம்.

கண்ணையா உள்ளூர்க்காரர். கைதிக் கப்பலில் வந்தவர்களின் வம்சம். வீட்டில் எந்தக் காலத்திலோ வேறு பாஷை இருந்திருக்கும், இப்போது இந்திதான். தமிழ் தெரியாது. தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்ததால் படகு கிரீக்குக்குள் வராது. அதன் முகத்துவாரத்திலேயே நங்கூரம் போட்டுவிட்டு, நாங்கள் இறங்கும்போது சொன்னார், "உதர் மச்லி ஹை சாப், மகர் ஹை."

சுதாகர் என்னைப் பார்த்தார். பாதி புரிந்திருந்தது அவருக்கு. "மீன் இருக்குன்றாரு. மகர்னு என்னமோ இழுக்குறாரே?"

"மீன் இருக்கு, ஆனா இருக்கு, அப்பிடிங்கறார். நிச்சயம் இல்லேன்னு அர்த்தம்" என்றேன்.

"அதுதான எல்லாப் படகுக்காரனும் சொல்றது" என்று சிரித்தார்.

கண்ணையாவுக்குத் திருப்தி இல்லை. "உஸ்கோ போல் தியா?" என்று கேட்டார். அவரிடம் சொல்லிவிட்டீர்களா என்று. போல் தியா என்றேன். சொல்லித்தான் இருந்தேன். கண்ணையா உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில் இருப்பது அதுதான். அவர் எச்சரித்தார், நான் மொழிபெயர்த்தேன், மெயின்லேண்ட் ஆள் கேட்கவில்லை. அதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. நான் சொல்லிக்கொடுத்த பொருளைத்தான் சொன்னேன். மகர் என்றால் ஆனால். எந்த அகராதியில் வேண்டுமானாலும் பாருங்கள்.

எட்டாம் நம்பரை என் கையாலேயே அவரிடம் கொடுத்தேன். நான் கரைச் சேற்றில், வேர்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தொடை அளவுத் தண்ணீரில் இறங்கினார். வீச்சு வழக்கம்போல மட்டம்தான். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் ராடு வளைந்தது. வேருக்குள்ளிருந்து வெள்ளியாக ஒரு கொடுவா தண்ணீருக்கு மேல் எழும்பி, தலையை உதறிவிட்டு விழுந்தது. நான் வாழ்க்கையில் பார்த்ததிலேயே பெரியது. "அண்ணே, மாட்டிக்கிச்சு" என்றார். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கர்வம் ஒன்றும் இல்லை. என்னோடு பங்கிட்டுக்கொள்ளத்தான் சிரித்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்போதுதான் படகிலிருந்து கண்ணையா கத்தினார். "மகர், மகர்."

ஆனால், ஆனால் என்று யாரும் கத்த மாட்டார்கள் சார். அது சுதாகருக்கும் தோன்றியிருக்க வேண்டும். மீனிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார், "என்னண்ணே சொல்றாரு?"

நேரம் இருந்தது. சேற்றுக்குச் சில எட்டுகள்தான். எதிர்க்கரையிலிருந்து ஒன்று தண்ணீருக்குள் சரிந்ததை நானும் பார்த்திருந்தேன். முதலை என்று தமிழில் ஒரு சொல் போதும்.

"ஆனாங்கறார்" என்றேன். "லைனத் தொய்ய விடாதீங்க."

அவர் தொய்யவிடவில்லை. அதன்பின் அவர் அங்கே இல்லை. பெரிய சத்தம் எதுவும் எழவில்லை. தண்ணீர் ஒருமுறை குழம்பியது, தொப்பி மட்டும் மிதந்தது.

நான் உடனே தண்ணீரில் குதித்ததாகக் கண்ணையா சொல்லியிருக்கிறார். குதித்தது உண்மை. நண்பனைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைத்தார் என்று அலுவலகத்தில் எனக்குக் கைகொடுக்கிறார்கள். பணயம் ஒன்றும் இல்லை. முதலைக்கு அப்போது வேறு வேலை இருந்தது, என்னைப் பற்றி அது கவலைப்பட்டிருக்காது. கொடுவா ராடை வேர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது, அதைத்தான் பிடித்தேன். மீன் கழன்றிருக்கவில்லை. அது வேருக்குள் போனால் லைன் அறுந்துவிடும். ராடைத் தண்ணீர்மட்டத்துக்குச் சாய்த்து, பக்கவாட்டில் அழுத்தம் கொடுத்து, ஒவ்வொரு முறை அது திரும்பியபோதும் நானும் திருப்பினேன். எட்டாம் நம்பர் அதற்காகவே செய்யப்பட்டது. கண்ணையா அழுதுகொண்டே கூப்பிட்டார். "ருகோ" என்றேன், கொஞ்சம் பொறுங்கள் என்று. மீன் களைத்து, பக்கவாட்டில் சாய்ந்தபின் தாடையைப் பிடித்துத் தூக்கினேன்.

நீங்கள் என்மேல் சந்தேகப்படவே இல்லை என்பது தெரியும். பேசாமல் இருந்திருக்கலாம். இருந்துவிடத்தான் நினைத்தேன். உமா மகேஸ்வரி வந்து இறங்கியபோது நான்தான் விமான நிலையத்துக்குப் போனேன். காரியங்களை எல்லாம் நின்று செய்தேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா ஆசப்பட்ட மீனப் பிடிச்சிட்டுத்தான் போயிருக்கார், இல்லியாண்ணே?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அதுவரை பொறுத்துக்கொண்டேன்.

நேற்று அபர்டீன் பஜார் வழியாக வந்தேன். அலுவலகத்தார் ஆளுயர ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். சுதாகரின் படம், கண்ணீர் அஞ்சலி, பக்கத்தில் படகில் கிடந்த கொடுவாவின் படம். கீழே, தன் கடைசி மீனோடு சுதாகர் என்று எழுதியிருக்கிறது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று, என்ன சைஸ் பார் என்கிறார்கள். இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை.

அவர் கொக்கியில் மாட்ட மட்டும்தான் செய்தார் சார். மாட்டுவது பிடிப்பது ஆகாது, இது தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கையெழுத்து எங்கே போடச் சொன்னாலும் போடுகிறேன். மகர் விஷயத்தை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஃப்ளெக்ஸை மட்டும் இறக்கச் சொல்லுங்கள். கொடுவாவைப் பிடித்தது நான்.